புதிய கார்டுக்குப் பழைய பிராசசர் போதுமா? அளந்து பார்த்து வாங்கிய அனுபவம்

என் கணினியில் இருந்தது ரைசன் 5 3600 பிராசசர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ராம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டு. 1440பி, 144 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும்) மானிட்டர் வாங்கியதும் அந்தக் கார்டு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆர்டிஎக்ஸ் 3070-க்கு மாறினேன். சில கேம்களில் வேகம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. சிலவற்றில் பேருக்குக் கூடியது. பால்டர்ஸ் கேட் 3-இன் கடைசிப் பகுதியில் ஒரு பெரிய நகரம் வரும்; அதன் தெருக்களில் நடந்தால் பழைய கார்டில் என்ன வந்ததோ அதேதான் புதிய கார்டிலும் வந்தது. விநாடிக்கு ஐம்பது ஃபிரேமை, அதாவது ஐம்பது படங்களைத் தாண்டவில்லை.

பிராசசரை மாற்றலாமா என்று விசாரிக்க ஆரம்பித்தேன். யாரைக் கேட்டாலும் பேச்சு ஒரே இடத்தில்தான் தொடங்கும்: "3070-க்கு எந்த பிராசசர் பொருந்தும்?" இதற்கென்றே கணக்குப் போட்டுச் சொல்லும் தளங்கள் இருக்கின்றன. கார்டு பெயரையும் பிராசசர் பெயரையும் கொடுத்தால் இத்தனை சதவீதம் பாட்டில்நெக் (ஒன்று மற்றதன் வேகத்தைத் தடுப்பது) என்று ஓர் எண் வரும். என்ன கேம் விளையாடுகிறேன், என்ன மானிட்டர் வைத்திருக்கிறேன், என்ன செட்டிங் போடுவேன் என்பது எதுவுமே தெரியாமல் வரும் எண்ணை வைத்து என்ன செய்வது? ஒரே கணினியில் ஒரு கேமில் பிராசசர் திணறும், அடுத்த கேமில் கார்டு திணறும். என் கணினியே அதற்குச் சாட்சி.

கேம் ஓடும்போது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இரண்டு வேலைகள் நடக்கின்றன. யார் எங்கே நிற்கிறார், எதிரி எந்தப் பக்கம் ஓடுகிறான், எறிந்த பொருள் எங்கே விழும் என்பதையெல்லாம் கணக்கிட்டு, எதை எதை வரைய வேண்டும் என்ற பட்டியலைத் தயார்செய்வது பிராசசர். அந்தப் பட்டியலை வாங்கிப் படமாக வரைவது கார்டு. கார்டு ஒரு ஃபிரேமை வரைந்துகொண்டிருக்கும்போதே பிராசசர் அடுத்த ஃபிரேமைத் தயார்செய்கிறது. இருவரில் யார் தாமதமோ அவர் வேகம்தான் திரையில் தெரியும்.

இதில் கவனிக்க வேண்டியது: ரெசல்யூஷனை, அதாவது 1080பி, 1440பி என்று படத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கையை, கூட்டினால் கார்டின் வேலை கூடும், பிராசசரின் வேலை ஏறத்தாழ அப்படியே இருக்கும். நகரத்தில் நூறு பேர் நடமாடினால், 1080பி-யாக இருந்தாலும் 4கே-யாக இருந்தாலும் நூறு பேர்தானே? அதனால் ஒரு குறிப்பிட்ட கேமில், ஒரு குறிப்பிட்ட காட்சியில், உங்கள் பிராசசருக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. உலகத்திலேயே பெரிய கார்டைப் போட்டாலும் அந்த வரம்பு நகராது. 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒவ்வொரு ஃபிரேமையும் 16.7 மில்லி விநாடிக்குள் பிராசசர் முடிக்க வேண்டும். 144 வேண்டுமென்றால் 6.9 மில்லி விநாடிதான் அவகாசம்.

இது புரிந்தபின் என் கேள்வி மாறியது. நான் விளையாடும் கேம்களில் எனக்கு எத்தனை ஃபிரேம் வேண்டும், இந்த பிராசசர் எத்தனை தருகிறது? அவ்வளவுதான். கார்டின் பெயர் இந்தக் கேள்விக்குள் வரவே இல்லை.

அளப்பதற்கு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரும் அதோடு வரும் ரிவாட்யூனரும் போதும், இரண்டும் இலவசம். கேம் ஓடும்போதே திரையின் ஓரத்தில் எண்கள் தெரியும். அதில் முதலில் பார்க்க வேண்டியது கார்டின் பயன்பாட்டுச் சதவீதம். அது 97, 98, 99 என்று நின்றால் கார்டுதான் எல்லை. பிராசசரை மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை. 60, 65 என்று தொங்கிக்கொண்டிருந்தால் கார்டு சும்மா காத்திருக்கிறது, வேலை வந்து சேரவில்லை என்று பொருள். அதற்கு முன், ஃபிரேமை மானிட்டரின் வேகத்தோடு பூட்டும் வி-சிங்க்கும் ஃபிரேம் லிமிட்டும் அணைந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். 60-இல் பூட்டிவைத்துவிட்டு "கார்டு முழுசா வேலை செய்யலையே" என்று கவலைப்பட்டவரை எனக்குத் தெரியும்.

பிராசசரின் மொத்தப் பயன்பாட்டு எண்ணை நம்பாதீர்கள். நகரத்தில் என் 3600 காட்டியது 50 சதவீதத்துக்கும் கீழே. "பாதிதானே ஓடுகிறது, பிராசசரில் பிரச்சினை இல்லை" என்று நினைக்கத் தோன்றும். 3600-இல் 6 கோர் (தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள்), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசைகள்). கேமின் முக்கிய வேலை பெரும்பாலும் ஒரு த்ரெட்டில் ஓடும். அந்த ஒன்று முழுசாக நிரம்பினாலும் மொத்தக் கணக்கில் அது பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 8 சதவீதம் சொச்சம்தான். விண்டோஸ் அந்த த்ரெட்டைக் கோருக்குக் கோர் மாற்றிக்கொண்டே இருக்கும் என்பதால், தனித்தனிக் கோர் எண்களைப் பார்த்தாலும் எதுவும் நூறில் நிற்காது. கார்டின் எண்ணை வைத்தே பிராசசரின் நிலையைக் கணிக்க வேண்டியிருக்கிறது.

சந்தேகமே இல்லாமல் தெரிந்துகொள்ள இன்னொரு வழி, ரெசல்யூஷனைக் குறைத்துப் பார்ப்பது. பால்டர்ஸ் கேட் நகரத்தில் ஒரு கூட்டமான தெருமுனையில் சேவ் செய்துகொண்டேன். அங்கிருந்து ஒரே வழியாக, கேமராவை ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டு நடந்தேன். 1440பி-யில் 48 அளவில் வந்தது. 720பி-க்கு இறக்கினேன். படம் கொழகொழவென்று ஆனது, கார்டின் விசிறிச் சத்தம் அடங்கியது, எண் மட்டும் 49-ஐ விட்டு நகரவில்லை. அதுதான் என் பிராசசரின் உச்சவரம்பு. இதே சோதனையை ஆலன் வேக் 2-இல் செய்தால் கதை தலைகீழ்: 1440பி-யில் கார்டு 99-இல் திணறியது, ரெசல்யூஷனைக் குறைத்ததும் ஃபிரேம் மளமளவென்று ஏறியது. சைபர்பங்க் 2077 நடுவில் நின்றது. ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் கார்டுதான் எல்லை. சந்தைக்குள் நுழைந்தால் பிராசசர் எல்லை, எழுபது சொச்சம்.

டிஎல்எஸ்எஸ்ஸை ஆன் செய்தும் வேகம் கூடவில்லை என்று பலர் குழம்புவது இதனால்தான். டிஎல்எஸ்எஸ் குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் கொடுக்கிறது. கார்டின் சுமையைக் குறைக்கும், பிராசசரின் சுமையைத் தொடாது. ஃபிரேம் ஜெனரேஷன் வேறு ரகம். அது இரண்டு ஃபிரேமுக்கு நடுவே கார்டே ஒன்றை உருவாக்கிச் சொருகுவது, அதனால் பிராசசர் திணறும் இடத்திலும் எண் கூடும். கண்ணுக்கு வழுவழுவென்று இருக்கும். ஆனால் மவுஸை அசைத்தால் கை உணர்வது அடியில் இருக்கும் உண்மையான ஃபிரேமின் தாமதத்தைத்தான். கதை சார்ந்த கேமுக்குச் சரி. சுடும் போட்டிகளுக்கு நான் பயன்படுத்துவதில்லை.

சராசரி எண்ணைவிட எனக்குப் பயன்பட்டது 1 சதவீத லோ. மிக மெதுவாக வந்த நூற்றில் ஒரு பங்கு ஃபிரேம்கள் என்ன வேகத்தில் வந்தன என்பதைக் காட்டும் எண் அது. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-இல் எனக்குச் சராசரி 190 வரை வந்தது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு அது தாராளம். ஆனால் 1 சதவீத லோ 80-களில் இருந்தது. புகைக்குண்டு வெடித்து நாலு பேர் ஒரே நேரத்தில் சுட ஆரம்பித்தால் படம் ஒரு நொடி உதறும். அந்த உதறல் வரும் நேரம்தான் நமக்குத் தெளிவான படம் தேவைப்படும் நேரம். ஃபிரேம் டைம் வரைபடத்தை ஓரத்தில் ஓடவிட்டால் இது கண்ணுக்கே தெரியும்: கோடு சமமாகப் போனால் நல்லது, முள் முள்ளாக எழும்பினால் பிராசசரையோ ராமையோ சந்தேகிக்க வேண்டும்.

காசு செலவில்லாமல் செய்யக்கூடியவற்றை முதலில் முடித்தேன். போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில், ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். 3200 என்று எழுதி விற்கும் ராம், அதை ஆன் செய்யாதவரை 2133 அல்லது 2666-இல்தான் ஓடும். ரைசனில் கோர்களையும் ராம் கட்டுப்பாட்டையும் இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கின் வேகம் ராமின் வேகத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கும், அதனால் அடி இரண்டு பக்கமும் விழும். ராம் இரண்டு ஸ்டிக்காக இருக்க வேண்டும். நாலு ஸ்லாட் உள்ள போர்டில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும்தான் அவற்றின் இடம்.

அப்புறம் கேம் செட்டிங். டெக்ஸ்சரை (பொருட்களின் மேற்பரப்புப் படங்களின் தரம்) குறைத்தால் பிராசசருக்கு ஒன்றும் ஆகாது. கூட்டத்தின் அடர்த்தி, எவ்வளவு தூரம் வரை பொருட்கள் தெரிய வேண்டும் என்பது, நிழல் விழும் தூரம், இவைதான் பிராசசரைத் தொடும். ஒளி போகும் வழியைக் கணக்கிடும் ரே ட்ரேசிங் கார்டின் வேலை என்று நினைத்துக்கொள்கிறோம். காட்சியில் உள்ள பொருட்கள் நகர நகர அதற்கான தரவுக் கட்டமைப்பைத் தயார்செய்வதில் பிராசசருக்கும் வேலை கூடுகிறது. சைபர்பங்கில் கூட்டத்தை மீடியத்துக்கு இறக்கியதும் பத்து ஃபிரேம் போலக் கிடைத்தது. இன்னொரு கைவைத்தியம், ஃபிரேமைப் பூட்டுவது. 60-க்கும் 85-க்கும் இடையே ஊசலாடும் கேமை 60-இல் பூட்டினால் ஆட்டம் அடங்கி நிதானமாக ஓடும். பாதிப் பேருக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம்.

எனக்குப் போதவில்லை. நான் அதிகம் விளையாடும் கேம்களில் இரண்டு, பிராசசர் எல்லையில் நின்றன. சரி, மாற்றுவது என்று முடிவாயிற்று. எதற்கு மாற்றுவது?

நண்பர்களின் யோசனை, மொத்தமாக ஏஎம்5-க்குப் போய்விடு என்பது. ரைசன் பிராசசர் உட்காரும் புதிய சாக்கெட்டின் பெயர் அது; என் போர்டில் இருப்பது முந்தைய ஏஎம்4. அது தவறான யோசனை இல்லை. புதிதாகக் கணினி கட்டுபவர் இன்று ஏஎம்4 பக்கம் போக வேண்டியதில்லை. ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரையாவது தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது, பின்னால் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ள வழியிருக்கும். ஆனால் கையில் ஏஎம்4 போர்டு வைத்திருப்பவர் ஏஎம்5-க்குப் போக பிராசசர், போர்டு, டிடிஆர்5 ராம் என்று மூன்றையும் வாங்க வேண்டும். அவ்வளவு செலவு செய்தாலும், என் 3070 ஓரிடத்தில் தானே எல்லையாகிவிடும். பிராசசரின் வரம்பை கார்டின் வரம்புக்குச் சற்று மேலே கொண்டுபோனால் போதும். அதற்கு மேலே எவ்வளவு உயர்த்தினாலும் அந்தக் காசு கேபினட்டுக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும். இங்கேதான் கார்டின் பெயர் கணக்குக்குள் வருகிறது.

ஏஎம்4-க்குள் என் முன்னே இருந்தவை மூன்று: ரைசன் 5 5600, ரைசன் 7 5700எக்ஸ், ரைசன் 7 5700எக்ஸ்3டி. 5800எக்ஸ்3டி 2022 ஏப்ரலில் வந்தது. அதன் வேகம் குறைந்த தம்பி 5700எக்ஸ்3டி, 2024 ஜனவரியில்.

5600-இலும் 3600 போல 6 கோர், 12 த்ரெட்தான். எண்ணிக்கையைப் பார்த்து "இதில் என்ன லாபம்" என்று ஒதுக்கக்கூடாது. 3600-இன் ஆறு கோர்களும் மூன்று மூன்றாகப் பிரிந்து, குழுவுக்கு 16 எம்பி எல்3 கேஷை (பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகம்) வைத்திருக்கும். இந்தப் பக்கக் கோருக்கு அந்தப் பக்கத்தில் உள்ள தகவல் வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டு போக வேண்டும். 5600-இல் ஆறு கோரும் ஒரே 32 எம்பி-யைப் பங்கிடுகின்றன, ஒவ்வொரு கோரும் தனியளவிலும் வேகம். கேமில் இது நன்றாகவே தெரியும். 5700எக்ஸில் எட்டு கோர் உண்டு, கேஷ் அதே 32 எம்பி. கேமுக்கு மட்டும் என்றால் 5600-இலிருந்து இதற்குப் போவதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீடியோ எடிட்டிங், கோட் கம்பைல் என்று வேறு வேலையும் உள்ளவர்களுக்கு 5700எக்ஸ் நல்ல தேர்வு.

ஏஎம்4-இல் எக்ஸ்3டி என்று முடிபவற்றில் எல்3 கேஷ் 96 எம்பி. கோர்கள் உள்ள சிப்புக்கு மேலே இன்னொரு அடுக்குக் கேஷை ஒட்டிவைத்திருக்கிறார்கள். கேம் என்பது நினைவகத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தேடிக்கொண்டே இருக்கும் வேலை. தேடியது கேஷில் கிடைத்தால் உடனே வேலை ஓடும். ராம் வரை போய் எடுத்துவருவதற்குப் பல மடங்கு நேரம் ஆகும், அதுவரை கோர் கைகட்டி நிற்கும். அதனால்தான் 5700எக்ஸ்3டி-யின் உச்சவேகம் 4.1 ஜிகாஹெர்ட்ஸ், 5700எக்ஸின் உச்சவேகம் 4.6 என்று இருந்தும், பெரும்பாலான கேம்களில் முன்னது ஜெயிக்கிறது. ஜிகாஹெர்ட்ஸை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் இங்கே வழுக்குவார்கள். கூட்டமான நகரங்கள், விமான சிமுலேட்டர், பெரிய வியூக விளையாட்டுகள், பலர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் உலகங்கள் போன்றவற்றில் இந்தக் கேஷ் நன்றாக உதவும்.

பெயர்களில் ஒரு கண்ணிவெடி இருக்கிறது. 5600 என்று நினைத்து 5600ஜி அல்லது 5500-ஐ வாங்கிவிடாதீர்கள். அவற்றில் எல்3 கேஷ் 16 எம்பி-தான், கார்டைப் பிராசசரோடு இணைக்கும் பிசிஐஇ பாதையும் பழைய 3.0-தான். எக்ஸ் இல்லாத வெறும் 5700-உம் அந்தக் குடும்பம்தான், 16 எம்பி. ஆக 5700, 5700எக்ஸ், 5700எக்ஸ்3டி மூன்றும் பெயரில் ஒட்டிப்பிறந்தவை, கேமில் வேறு வேறு. பிசிஐஇ விஷயம் 3070 போல 16 லேன் (அந்தப் பாதையின் தடங்கள்) உள்ள கார்டுக்குப் பெரிதாக உறுத்தாது. 8 லேன் மட்டுமே உள்ள ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 போன்றவற்றுக்குச் சற்று, நாலே லேன் உள்ள ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-க்கு நன்றாகவே உறுத்தும்.

இன்டெல் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு இதேதான், சாக்கெட்தான் வேறு. எல்ஜிஏ1200-இல் 10, 11-ஆம் தலைமுறை. எல்ஜிஏ1700-இல் 12, 13, 14. அந்த எல்லைக்குள் மேலே இடமிருந்தால் பிராசசர் மட்டும் போதும், இல்லையென்றால் போர்டும் சேரும். 13, 14-ஆம் தலைமுறையின் பெரிய சிப்களில் மிகை வோல்டேஜால் நிலைகுலையும் பிரச்சினை இருந்ததை இன்டெலே 2024-இல் ஒப்புக்கொண்டு மைக்ரோகோடு திருத்தம் வெளியிட்டது. அவற்றை வாங்கினால், முதல் வேலையாகப் புதிய பயாஸ் போட்டுவிடுங்கள்.

நான் எடுத்தது 5700எக்ஸ்3டி. 5600 எடுத்திருந்தாலும் பாதித் தூரம் போயிருப்பேன். ஆனால் இது இந்தப் போர்டின் கடைசி பிராசசர், அடுத்து மாற்றுவதென்றால் போர்டோடுதான் என்பதால் மேல்படியிலேயே நின்றுவிட்டேன்.

வாங்குவதற்கு முன் போர்டு நிறுவனத்தின் தளத்தில் என் போர்டின் சரியான மாடலையும் ரிவிஷனையும் தேடி, ஆதரிக்கும் பிராசசர் பட்டியலைப் பார்த்தேன். 400 வரிசை போர்டுகளுக்கு 5000 வரிசை ரைசன் கிடையாது என்றுதான் 2020-இல் ஏஎம்டி முதலில் சொன்னது. பயனர்கள் கொதித்தபின் இறங்கிவந்தது. அதனால் தேவையான பயாஸ் பதிப்பு எது என்று பார்ப்பது முக்கியம். பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். புதியதைப் போட்டபின், பழைய பயாஸில் திரை கறுப்பாகவே நின்றால் திண்டாட்டம். பயாஸைப் புதுப்பித்ததும் எக்ஸ்எம்பி அணைந்துவிடும், மறுபடி ஆன் செய்ய வேண்டும். "புது பிராசசர் போட்டும் வேகம் வரல" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

விண்டோஸில், வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால் ரெக்கவரி கீயை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பிராசசருக்குள்ளேயே இருக்கும் எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியை நம்பித்தான் பூட்டின் சாவி இருக்கிறது; பிராசசர் போனால் அதுவும் போகும். என் போர்டு முதல்முறை ஆன் ஆனபோதே, புதிய பிராசசர் வந்திருக்கிறது, எஃப்டிபிஎம்மை ரீசெட் செய்யவா என்று ஒய் (ஆம்), என் (இல்லை) இரண்டில் ஒன்றைக் கேட்டு நின்றது. கீ கையில் இருந்ததால் ஒய் அழுத்தினேன். விண்டோஸை மறுபடி நிறுவத் தேவைப்படவில்லை.

கூலரைக் கழற்றுவதுதான் ஏஎம்4-இல் பயமான இடம். இந்த சாக்கெட்டில் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கின்றன. பழைய தெர்மல் பேஸ்ட் இறுகியிருக்கும். கூலரை நேராக மேலே இழுத்தால் பிராசசரும் அதோடு ஒட்டிக்கொண்டு, லீவர் பூட்டியிருக்கும்போதே சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். பின் வளைய அதுவே போதும். கழற்றுவதற்கு முன் கொஞ்ச நேரம் கேம் ஓடவிட்டேன், பேஸ்ட் இளகட்டும் என்று. பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, திருகுகளைக் குறுக்கு மறுக்காகச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, கூலரைத் தூக்காமல் இடமும் வலமுமாக மெல்லத் திருகினேன். முதலில் கல் போல நின்றது. நாலைந்து திருகலில் சப்பென்று ஒரு சத்தத்தோடு விட்டது. பிராசசர் சாக்கெட்டிலேயே இருந்தது. லீவரைத் தூக்கி, ஓரங்களில் பிடித்து எடுத்தேன். புதியதன் மூலையில் உள்ள தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்தால் தன் எடையிலேயே உட்கார்ந்துவிடும். அழுத்த வேண்டியிருந்தால் ஏதோ சரியில்லை.

3600-உடன் வந்த சின்னக் கூலர் இதற்கு ஆகாது, 5700எக்ஸ்3டி பெட்டியில் கூலரே வராது. ஒற்றை டவர் ஏர் கூலர் ஒன்று போட்டேன், கேமில் 70 டிகிரிக்குள் நிற்கிறது. கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் 650 வாட். 3070-க்கு என்விடியா பரிந்துரைப்பதும் அதுதான், மாற்றத் தேவையில்லை. விலை குறைந்த போர்டு என்றால் பிராசசருக்கு மின்சாரம் கொடுக்கும் விஆர்எம் பகுதியில் ஹீட்சிங்க் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலன்? பால்டர்ஸ் கேட் நகரத்தில், அதே தெருமுனையிலிருந்து அதே நடை: 48 இருந்த இடத்தில் 80 அளவில். சைபர்பங்க் சந்தையில் நூறைத் தாண்டியது. அங்கே கார்டு 97-ஐத் தொட்டுவிட்டதால் இனி பிராசசரைக் குறைசொல்ல முடியாது. கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் சராசரி கூடியதைவிட 1 சதவீத லோ ஏறியதுதான் பெரிய மாற்றம், புகைக்குள் அந்த உதறல் போய்விட்டது. ஆலன் வேக் 2-இல் ஒரு மாற்றமும் இல்லை. மாற்றம் வராது என்று அளந்தபோதே தெரிந்ததுதான். சில அன்ரியல் எஞ்சின் கேம்களில் புதிய இடத்துக்குப் போகும்போது முதல்முறை மட்டும் வரும் வெட்டல் அப்படியே இருக்கிறது. ஷேடர்களை (கார்டு வரையப் பயன்படுத்தும் சிறு நிரல்கள்) விளையாடும்போதே கம்பைல் செய்வதால் வருவது அது. கேமைச் செய்தவர்கள் திருத்த வேண்டிய விஷயம், பிராசசரால் முழுசாகத் தீராது.

இதைப் பார்த்துவிட்டு, எனக்குத் தம்பி முறையாகும் ஒரு பையன் கேட்டான்: "அண்ணா, என்கிட்ட ஐ5 10400 இருக்கு, கார்டு ஆர்எக்ஸ் 6600. நானும் பிராசசர மாத்திரட்டுமா? கேம் அப்பப்ப வெட்டுது." மானிட்டர் என்ன என்று கேட்டேன். 1080பி, 60 ஹெர்ட்ஸ். அளக்கச் சொன்னேன். அவன் கேம்களில் சராசரி தொண்ணூறுக்குக் குறையவில்லை, 1 சதவீத லோ மட்டும் 40-க்குக் கீழே விழுந்தது. ராமைப் பார்த்தால் ஒரே ஒரு 16 ஜிபி ஸ்டிக். "இன்னொரு ஸ்டிக் மட்டும் வாங்கிப் போடுடா, மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். அதே மாடலில் ஒன்று வாங்கி, சரியான ஸ்லாட்டில் போட்டான். லோ எண் 60-க்கு மேலே ஏறியது, வெட்டல் நின்றது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு 10400 இன்னும் கொஞ்ச காலம் தாங்கும். அவன் பிராசசருக்கு ஒதுக்கிய காசு நல்ல மானிட்டருக்குப் போகட்டும். 60 ஹெர்ட்ஸைவிட வேகமான மானிட்டர் வந்தால் மறுபடி அளக்க வேண்டியிருக்கும், அது அப்போது.

இப்போது ஏஎம்4 எக்ஸ்3டி தேடுபவர்களுக்கு ஒன்று: புதியவை கிடைப்பது அரிதாகிவிட்டது, பெரும்பாலும் பயன்படுத்தியதைத்தான் வாங்க வேண்டியிருக்கும். பிராசசர் சாதாரணமாகத் தேயும் பொருள் இல்லை, பயன்படுத்தியது என்பதற்காக அஞ்ச வேண்டாம். ஆனால் அடியில் உள்ள பின்களைப் பக்கவாட்டு வெளிச்சத்தில், நாலு பக்கமும் வரிசை வரிசையாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு வரிசை கோணலாக இருந்தாலும் அதில் தெரிந்துவிடும். மேலே உள்ள எழுத்தும் தெளிவாகத் தெரிய வேண்டும், 5700-க்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் பாதி விலை. எக்ஸ்3டி-க்கு அநியாய விலை கேட்டால் விட்டுவிட்டு 5600 எடுங்கள். 3600-லிருந்து, அதற்கும் பழையவற்றிலிருந்து வருபவர்களுக்கு அதுவே நல்ல தாவல், மிச்சக் காசில் கூலரும் ராமும் வந்துவிடும்.